பேட்டரி கைக்கு எட்டாத பைக்குக்கு ஜம்ப் ஸ்டார்ட் கொடுக்கிறது எப்படி?

மார்ச் 2, காலை 9:10 (கேள்வி)

வண்டி ரெண்டு மாசமா கவர் போட்டு நிக்குது. இன்னிக்கு சாவி போட்டா மீட்டர் லைட்டு மங்கலா வருது, செல்ஃப் அடிச்சா டிக்குனு ஒரு சத்தம், எல்லாம் அணைஞ்சு திரும்ப வருது. பேட்டரி டேங்குக்கு அடியில இருக்கு. சீட்டு, ரெண்டு சைடு பேனல், அப்புறம் டேங்க் போல்ட்டைக் கழட்டி தூக்கணும்னு மேனுவல்ல போட்டிருக்கான். கார் இருக்கு, ஜம்பர் கேபிள் இருக்கு, ஆனா கிளிப்பை எங்க மாட்டுறது? கார்ல இருந்து கொடுத்தா ஈசியு (இன்ஜினை நடத்துற கம்ப்யூட்டர்) எரிஞ்சுடும்னு வேற ஒருத்தர் பயமுறுத்துறார். வழி சொல்லுங்க.

மார்ச் 2, காலை 11:35

டேங்கைத் தொடாதீங்க. இதுக்காக அதைக் கழட்டினா பெட்ரோல் பைப், பம்ப் கனெக்டர், ஓவர்ஃப்ளோ டியூப்னு ஒண்ணு ஒண்ணா கழண்டு கைக்கு வரும், திருப்பி மாட்டும்போது ஏதாவது ஒரு டியூப் மடங்கி உக்காந்துக்கும், அது தனி பஞ்சாயத்து.

உங்களுக்கு வேண்டியது பேட்டரி இல்ல, பேட்டரி ப்ளஸ்ல இருந்து கிளம்புற தடி வயர் போய் முடியுற இடம். அந்த வயர் நேரா ஸ்டார்ட்டர் ரிலேக்குத்தான், அதாவது பட்டனை அமுக்கினதும் செல்ஃப் மோட்டாருக்கு கரண்ட்டை விடுற ஸ்விட்ச்சுக்குத்தான் போகும். பேட்டரியை எந்தப் பொந்துல ஒளிச்சு வெச்சாலும் ரிலேயை பெரும்பாலும் சீட்டுக்கு அடியிலயோ சைடு பேனலுக்குப் பின்னாடியோதான் வெப்பாங்க, ஏன்னா நிறைய வண்டில மெயின் ஃபியூஸ் அந்த ரிலே தலையிலயே உக்காந்திருக்கும், ஃபியூஸ் மாத்த கை போகணும்ல. தீப்பெட்டி சைஸுல ஒரு கறுப்பு டப்பா, மேல ரெண்டு ஸ்டட்டு (மரை போட்ட கம்பி), ரெண்டுலயும் தடி வயர், அதுக்கு மேல ரப்பர் தொப்பி. சில வண்டில தொப்பி சிவப்பா இருக்கும். அதைப் பின்னாடி உருட்டினீங்கன்னா பேட்டரி ப்ளஸ் உங்க கண்ணு முன்னாடி. கார்ல இருந்து வர்ற சிவப்பு கிளிப்பு அங்க.

சில கம்பெனிக்காரங்க இன்னும் கொஞ்சம் மனசாட்சியோட வெளியவே ஒரு ஜம்ப் பாயின்ட் விட்டிருப்பாங்க, சிவப்பு மூடி போட்ட ஒரு போல்ட்டு. மேனுவல்ல பேட்டரி பக்கத்தைப் பாக்காம எமர்ஜென்சி ஸ்டார்ட் பக்கத்தைப் பாருங்க, அங்க படத்தோட இருக்கும்.

மார்ச் 2, காலை 11:50

ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போச்சு. ரெண்டு ஸ்டட்டுல ஒண்ணு பேட்டரி பக்கம், இன்னொண்ணு செல்ஃப் மோட்டார் பக்கம். மோட்டார் பக்கம் சிவப்பு கிளிப்பை மாட்டிட்டா, கறுப்பு கிளிப்பு தொட்ட அந்த நொடியே செல்ஃப் சுத்தும், சாவி தேவையில்ல, பட்டன் தேவையில்ல, சைடு ஸ்டாண்ட் ஸ்விட்ச் எதுவும் தடுக்காது. கியர்ல நின்னுச்சுன்னா வண்டி உங்க மேலயே பாயும். அதனால கேபிளைக் கையில எடுக்கிறதுக்கு முன்னாடியே நியூட்ரல் பாத்துக்கங்க, மீட்டர்ல பச்சை லைட்டை நம்பாம பின் சக்கரத்தை உருட்டிப் பாருங்க, மீட்டரே மங்கலா இருக்கிறப்ப அந்த லைட்டு எந்த அளவுக்கு உண்மை சொல்லும்.

எது எதுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது: மல்டிமீட்டர் இருந்தா ஒரு முனை இன்ஜின்ல, ஒரு முனை ஸ்டட்டுல. பேட்டரி எவ்வளவு இறங்கியிருந்தாலும் ஏதாவது ஒரு வோல்ட் காட்டுற ஸ்டட்டுதான் பேட்டரி பக்கம். ரெண்டுலயும் சைபர்னா ஓம்ஸ்ல போட்டுப் பாருங்க, இன்ஜினுக்கும் அதுக்கும் நடுவுல கிட்டத்தட்ட ஜீரோ ஓம் காட்டுற பக்கம் மோட்டார், ஏன்னா மோட்டார் காயில் வழியா அது எர்த்துக்குப் போயிடுது. மீட்டர் இல்லன்னா வயரை கையால தடவிக்கிட்டே போங்க, இன்ஜின் பக்கம் கீழ இறங்குறது மோட்டார், டேங்குக்கு உள்ள நுழையுறது பேட்டரி.

மார்ச் 2, மதியம் 2:15

கறுப்பு கிளிப்பை ஃபிரேம்ல மாட்டுங்கன்னு கீழ ஒருத்தர் எழுதியிருக்கார். மாட்டலாம், பல நேரம் வேலை செய்யாது. ஃபிரேம் முழுக்க பெயின்ட், மேல ஒரு கோட்டு பவுடர். ஃபுட் பெக் ரப்பர் புஷ்ல நிக்கும். ஸ்விங் ஆர்ம்னா நடுவுல பேரிங், கிரீஸ். செல்ஃப் மோட்டார் இன்ஜின் கேஸ்லதான் போல்ட் பண்ணியிருக்கு, அது இழுக்கிற கரண்ட் இன்ஜின் வழியாத்தான் திரும்பி வரணும், அதனால இன்ஜின்லயே பிடிங்க. பெயின்ட் இல்லாத போல்ட் தலை, இன்ஜின் மவுன்ட் நட்டு, அந்த மாதிரி. சைலன்சர் பைப் வேணாம், துரு வேற, ஸ்டார்ட் ஆன கொஞ்ச நேரத்துல தொட முடியாது. பெட்ரோல் லைன், கார்புரேட்டர், பேட்டரி பக்கம் கடைசி கிளிப்பு போகவே கூடாது, பொறி அங்கதான் தட்டும், லெட் ஆசிட் பேட்டரி ஹைட்ரஜன் கக்கும்.

நான் கிளிப்பை போல்ட் தலையில பிடிச்சதும் விட்டுடமாட்டேன், அப்படியே இடமும் வலமும் ஒரு திருகு. பல்லு இரும்புல கிர்ருனு பதியுற சத்தம் கேக்கணும், போல்ட்டுல பளிச்சுனு ரெண்டு கீறல் தெரியணும். கீறல் விழலன்னா நீங்க அழுக்கு மேலதான் மாட்டியிருக்கீங்க. நிறைய பேரு கேபிள் மட்டம்னு சொல்ற கேஸ்ல பாதி இதுதான்.

வரிசை: சிவப்பு முதல்ல ரிலே ஸ்டட்டுல, சிவப்போட மறுமுனை கார் ப்ளஸ்ல, கறுப்பு கார் மைனஸ்ல, கறுப்போட மறுமுனை கடைசியா பைக் இன்ஜின்ல. கழட்டும்போது அப்படியே தலைகீழா.

மார்ச் 2, மதியம் 2:20

கார் கிளிப்பு முதலை வாய் கணக்கா இருக்கும், ரிலே ஸ்டட்டு ரெண்டுக்கும் நடுவுல இடைவெளியே விரல் அகலம்தான். பெரிய கிளிப்பு ரெண்டு ஸ்டட்டையும் சேத்துக் கவ்விடும், அப்ப மேல சொன்ன அதே பாய்ச்சல். மோட்டார் பக்கத்து ரப்பர் தொப்பியை கழட்டாம அப்படியே விடுங்க, அதுக்கு மேல ஒரு துண்டு சைக்கிள் டியூப் சுத்திக்கங்க. பைக்குக்குன்னே சின்ன கிளிப்பு வெச்ச கேபிள் வருது, வாங்கி வெச்சா நல்லது.

மார்ச் 2, மாலை 6:40

கார் மேட்டருக்கு வர்றேன், ஏன்னா இதுல அவனவன் ஒரு கதை வெச்சிருக்கான்.

"கார் பேட்டரி 500 ஆம்ப் தள்ளும், பைக் தாங்காது." கரண்ட்டை யாரும் தள்ளுறது இல்ல. செல்ஃப் மோட்டார் எவ்வளவு கேக்குதோ அவ்வளவுதான் போகும். ரெண்டும் 12 வோல்ட். காருது 45 ஏஎச்சோ (ஆம்பியர் ஹவர், பேட்டரி கொள்ளளவு) 60 ஏஎச்சோ, பைக்குது 8 ஏஎச், கார்ல சரக்கு அதிகம் இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

"பைக் ரெகுலேட்டர் கார் கரண்ட்டை எல்லாம் உறிஞ்சி எரிஞ்சுடும்." பைக்குல சாதாரணமா இருக்கிற ஷன்ட் டைப் ரெகுலேட்டர் (சார்ஜிங் வோல்ட்டை கட்டுப்படுத்துறது), ஸ்டேட்டர்ல (இன்ஜின் சுத்துறப்ப கரண்ட் தயாரிக்கிற காயில்) இருந்து வர்றதைத்தான் ஷார்ட் பண்ணி அமுக்கும். பேட்டரி பக்கத்துல இருந்து வர்ற கரண்ட்டை ரெக்டிஃபையர் டயோடு உள்ள விடாது, அது ஒரு பக்கம் மட்டும்தான் கரண்ட்டை விடும்.

அப்ப கார் இன்ஜினை ஓட விட்டே கொடுக்கலாமான்னா, வேணாம். ஓடுற கார்ல 14 வோல்ட்டுக்கு மேல நிக்கும், செத்துக் கிடக்கிற சின்ன பேட்டரி அந்த வோல்ட்டை பாத்ததும் அளவில்லாம சார்ஜ் இழுத்து சூடாகும், கிளிப்பு நழுவினா வோல்ட் துள்ளும். இவ்வளவு ரிஸ்க் எடுத்து கிடைக்கிற லாபம்னு ஒண்ணும் இல்ல, கார் பேட்டரி மட்டுமே பைக்கை சுத்த தாராளமா போதும். காரை ஆஃப் பண்ணி சாவியை பாக்கெட்ல போட்டுக்கங்க.

ஈசியு நிஜமா எரியுற வழி மூணு. ப்ளஸ் மைனஸ் மாத்திக் கொடுக்கிறது. 24 வோல்ட் லாரியில இருந்து எடுக்கிறது. ஸ்டார்ட் ஆன வண்டில பேட்டரியைக் கழட்டிப் பாக்கிறது. மூணாவதை மெக்கானிக்கே செய்யுறதை நான் பாத்திருக்கேன், சார்ஜிங் டெஸ்ட்டாம்.

மார்ச் 2, இரவு 9:05

"இதுக்கு ஏன் இவ்வளவு, தள்ளி ஸ்டார்ட் பண்ணு ப்ரோ."

கார்புரேட்டர் வண்டின்னா தள்ளுங்க, செகண்ட் கியர், கிளட்ச் பிடிச்சு ஓடி, சட்டுனு விட்டு, பிடிச்சுடும். ஃபியூல் இன்ஜெக்ஷன்ல முதல்ல பம்ப் ஓடி 3 பார் சுமாருக்கு பிரஷர் ஏத்தணும், ஈசியு கண் முழிக்கணும், இன்ஜெக்டர் திறக்கணும், எல்லாத்துக்கும் பேட்டரி வேணும். சாவி போட்டா பம்ப் உய்ய்ய்னு ஓடுற சத்தம் கேட்டுச்சுன்னா தள்ளிப் பாக்க அர்த்தம் இருக்கு. சத்தமே இல்லன்னா நீங்க செய்யுறது உடற்பயிற்சி. ஸ்லிப்பர் கிளட்ச் இருக்கிற வண்டில இன்னும் கஷ்டம், சக்கரம் இன்ஜினை சுத்தாம கிளட்ச் வழுக்கிக்கும். கியர் இல்லாத ஸ்கூட்டர்ல கேள்விக்கே இடம் இல்ல, சென்ட்ரிஃபியூகல் கிளட்ச், சக்கரத்துல இருந்து இன்ஜினுக்கு எதுவும் போகாது, எத்தனை பேரு தள்ளினாலும்.

மார்ச் 3, காலை 7:30

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கார்: ரிலே சீட்டுக்கு அடியிலயே கிடைச்சுது, உடனே ஸ்டார்ட் ஆச்சு, ஆனா கிளிப்பைக் கழட்டின கொஞ்ச நேரத்துல ஐடிலிங்ல நின்னு போச்சு, திரும்ப செல்ஃப் அதே டிக்.

எதிர்பாத்ததுதான். ஐடிலிங்ல ஸ்டேட்டர் கொடுக்கிறது ஹெட்லைட்டுக்கும் பம்புக்குமே சரியாப் போயிடும், பேட்டரிக்கு மிச்சம் ரொம்பக் கொஞ்சம். சார்ஜ் ஏறணும்னா ஆர்பிஎம் வேணும். மறுபடி ஜம்ப் கொடுத்து ஸ்டார்ட் பண்ணி, 4000 ஆர்பிஎம் பக்கத்துல வெச்சு பேட்டரில வோல்ட் பாருங்க (அதே ரிலே ஸ்டட்டுல பாக்கலாம், டேங்கைத் தூக்க வேணாம்னு சொன்னேன்ல). 13.8ல இருந்து 14.5க்குள்ள நின்னா சார்ஜிங் நல்லா இருக்கு, குத்தம் பேட்டரி மேல. 12.5லயே ஆணி அடிச்ச மாதிரி நின்னா ஸ்டேட்டரோ ரெகுலேட்டரோ, அதுக்கு புது பேட்டரி போட்டும் பிரயோஜனம் இல்ல.

மார்ச் 3, மதியம் 1:10

14.1 காட்டுதாம். அப்ப சார்ஜிங் ஓகே. வண்டியை ஆஃப் பண்ணி ஒரு மணி நேரம் விட்டு வோல்ட் பாத்து சொல்லுங்கன்னேன், 10.6ன்னு வருது. இந்த நம்பரைப் பாத்ததும் எனக்கு சந்தேகமே இல்லாம போச்சு. லெட் ஆசிட் பேட்டரில ஆறு செல், ஒண்ணுக்கு 2.1 வோல்ட், மொத்தம் 12.6. அதுல ஒரு செல் செத்தா 10.5. சார்ஜ் ஏறாம கிடக்கிற பேட்டரியும் ஒரு தடவை 10.6 காட்டலாம், ஆனா 14 வோல்ட்ல சார்ஜ் ஆகிட்டு வந்ததுக்கு அப்புறமும் அங்கயே வந்து உக்காந்தா அது இறங்கின பேட்டரி இல்ல, செத்த பேட்டரி.

உறுதி பண்ணிக்கணும்னா சார்ஜர்ல போட்டுப் பாருங்க, 8 ஏஎச் பேட்டரிக்கு 0.8 ஆம்ப், பத்துல ஒரு பங்கு, ராத்திரி முழுக்க. கார் சார்ஜர் 10 ஆம்ப்ல போட்டு வேக வெச்சுடாதீங்க. எடுத்து கொஞ்ச நேரம் கழிச்சு 12.6க்கு மேல நின்னா நான் சொன்னது தப்பு, சந்தோஷம். செல்ஃப் அடிக்கிறப்ப 9.6க்கு கீழ விழுந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

மார்ச் 3, இரவு 10:20

இன்னொருத்தர் லித்தியம் பேட்டரிக்கும் இதே மாதிரி செய்யலாமான்னு கேக்கிறார். நிறுத்துங்க. லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட்ல நாலு செல்தான், சும்மா இருக்கிறப்பவே 13.2, 13.3 நிக்கும், 12.8 வந்துட்டாலே சரக்கு பெரும்பாலும் காலி. லெட் ஆசிட் மீட்டர் கணக்கை இதுக்குப் போட்டா தலைகீழா வரும். ரொம்ப ஆழமா இறங்கிப்போன லித்தியத்துக்குள்ள திடீர்னு பெரிய கரண்ட்டை விடுறது ஆபத்து, செல் உள்ளுக்குள்ளேயே கெட்டுப்போயிருந்தா உப்பி, புகைஞ்சு, அப்புறம் டேங்குக்கு அடியில எரியும். டேங்குக்கு அடியில, யோசிச்சுக்கங்க. மீட்டர் சைபர் காட்டினா உள்ள இருக்கிற பாதுகாப்பு போர்டு கட் பண்ணியிருக்கலாம், லித்தியத்துக்குன்னு இருக்கிற சார்ஜர்ல மட்டும் எழுப்பிப் பாருங்க.

குளிர்ல லித்தியம் சோம்பேறி ஆகும், அது வேற கதை. ஹெட்லைட்டை ஒரு நிமிஷம் எரிய விட்டு அப்புறம் செல்ஃப் அடிச்சா, உள்ள சூடாகி ரெண்டாவது தடவை நல்லா சுத்தும். லெட் ஆசிட்ல இதைச் செய்யாதீங்க, இருக்கிற கொஞ்சமும் போகும்.

மார்ச் 4, காலை 8:45

பவர் பேங்க் சைஸுல வர்ற ஜம்ப் ஸ்டார்ட்டர் பத்தி. நல்ல சாமான், பையில கிடக்கும், கார் தேவையில்ல, கிளிப்பும் சின்னது. ஒரே சிக்கல், அதோட கிளிப்புல இருக்கிற மூளை எதிர்ப்பக்கம் பேட்டரி இருக்கான்னு பாத்துட்டுத்தான் கரண்ட்டை விடும். பேட்டரி ஒண்ணு ரெண்டு வோல்ட்டுக்கு இறங்கியிருந்தா, "இங்க பேட்டரியே இல்லையே"ன்னு சும்மா இருந்துடும். அதுக்குத்தான் பூஸ்ட் பட்டன். அதை அமுக்கினா அது செக் பண்றதை நிறுத்திடும், ப்ளஸ் மைனஸ் மாறியிருந்தாலும் கொடுத்துடும், அதனால அமுக்கிறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை கண்ணால பாருங்க.

மார்ச் 4, மதியம் 12:30

பழைய பேட்டரி போச்சு, புதுசு போட டேங்கைத் தூக்கித்தான் ஆகணும்னு முடிவாயிடுச்சு, இல்லையா? அப்ப அந்த ஒரே தடவையில அடுத்த தடவைக்கும் வேலையை முடிச்சுக்கங்க. டெர்மினல்ல ஒரு சார்ஜிங் வயர் மாட்டி சீட்டு ஓரமா வெளிய இழுத்து விடுங்க. மெல்லிசு வயர், நடுவுல ஃபியூஸ், நுனியில எஸ்ஏஈ கனெக்டர் (சார்ஜர் சொருகுற ரெண்டு பின் பிளக்). மாசத்துக்கு ஒரு தடவை சார்ஜர் சொருகினா வண்டி கவருக்குள்ள எவ்வளவு நாள் வேணாலும் தூங்கும்.

ஆனா அதே வயர்ல ஜம்ப் கொடுக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க. செல்ஃப் கேக்கிறது 100 ஆம்ப் அளவுல, அந்த வயர் ஃபியூஸ் 7.5ஓ 15ஓ. பட்டனை தொட்டதும் பட்.

மார்ச் 4, மாலை 5:55

மேல எழுதினதைப் படிச்சுட்டு ஒருத்தர், அப்ப ஃபியூஸ் இல்லாம தடி வயரா இழுத்து விட்டா ஜம்ப்பும் கொடுக்கலாமேன்னு கேக்கிறார். வேலை செய்யும். நானே கொஞ்ச நாள் அப்படி யோசிச்சுட்டு இருந்தேன். ஆனா ஃபியூஸ் இல்லாத ப்ளஸ் வயர் டேங்க் விளிம்புக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல வருஷக்கணக்குல உரசிக்கிட்டு கிடக்கும், ஒரு நாள் தோல் கிழியும். பெட்ரோலுக்கு நேர் கீழ. ரிலே ஸ்டட்டு ஏற்கெனவே அங்க இருக்கிறப்ப புதுசா ஒரு வெடியை எதுக்கு வளக்கணும். மெல்லிசு வயர் சார்ஜுக்கு, ரிலே ஜம்ப்புக்கு, அதோட விட்டுடுங்க.

மார்ச் 4, மாலை 6:10

அந்த மெல்லிசு வயருக்கு இன்னொரு உபயோகம் இருக்கு. சில ஸ்கூட்டர்ல சீட்டு லாக் எலக்ட்ரிக். பேட்டரி சீட்டுக்கு அடியில, சீட்டு திறக்க பேட்டரி வேணும், இதை டிசைன் பண்ண மகராசன் எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும். வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற சார்ஜிங் வயர்ல 12 வோல்ட் கொடுத்தா லாக் முழிச்சு திறந்துடும், அதுக்கு பெரிய கரண்ட் வேணாம். சாவி இல்லாத கீலெஸ் வண்டிக்கும் இதே கதைதான். வயர் போடலன்னா எங்கயாவது அவசரத்துக்கு ஒரு கேபிளோ சாவி ஓட்டையோ ஒளிச்சு வெச்சிருப்பாங்க, மேனுவல்ல இப்பவே தேடி வெச்சுக்கங்க.

பிஎம்டபிள்யூ எஃப்650ஜிஎஸ் ஓட்டுறவர் ஒருத்தர் சிரிக்கிறார், அவருக்கு பெட்ரோல் சீட்டுக்கு அடியில, டேங்க் மாதிரி தெரியுற இடத்துல பேட்டரி. சரி, எல்லாருக்கும் ஒரு யோகம்.

மார்ச் 5, காலை 7:50

ரெண்டு மாசத்துல பேட்டரி ஏன் செத்துச்சுங்கிற கேள்விக்கு இன்னும் யாரும் வரல. சும்மா நின்னதால மட்டும் இருக்கலாம். ஆனா கேள்வி கேட்டவர் போன மழைக்கு முன்னாடி ஜிபிஎஸ் டிராக்கர் மாட்டினதா நடுவுல ஒரு வரி எழுதியிருந்தார், அதை எல்லாரும் தாண்டிப் போயிட்டோம். டிராக்கர் 50 மில்லி ஆம்ப் குடிக்குதுன்னு வைங்க, ஒரு நாளைக்கு 1.2 ஏஎச். 8 ஏஎச் பேட்டரி ஒரு வாரத்துல சுத்தம். அப்புறம் மிச்ச வாரம் எல்லாம் காலியா கிடந்து தகட்டுல சல்பேட் படிஞ்சு, அதுக்கு அப்புறம் சார்ஜ் போட்டாலும் ஏறாது.

புது பேட்டரி மாட்டும்போதே பாத்துடுங்க. மைனஸ் வயரைக் கழட்டி, வயருக்கும் டெர்மினலுக்கும் நடுவுல மல்டிமீட்டரை முதல்ல 10 ஆம்ப் ரேஞ்சுல போடுங்க, சாவி ஆஃப், நம்பர் சின்னதா இருந்தா மில்லி ஆம்ப் ரேஞ்சுக்கு மாத்திப் பாருங்க. மீட்டர் நடுவுல இருக்கிறப்ப மறந்துபோய் சாவி போட்டு செல்ஃப் அடிச்சா மீட்டர் ஃபியூஸ் காலி. ரெண்டு மூணு மில்லி ஆம்ப்னா கடிகாரமும் ஈசியுவும், விட்டுடலாம். அதுக்கு மேல போனா ஒவ்வொரு ஃபியூஸா உருவுங்க, எதை உருவினா நம்பர் விழுதோ அதுதான் திருடன்.

மார்ச் 5, இரவு 8:30

டிராக்கர்தானாம், 40க்கு மேல குடிச்சிருக்கு. சார்ஜர் இல்லாம நிறுத்துறப்ப அதோட ஃபியூஸை உருவிடுங்க.

பேட்டரி மாட்டுறப்ப அந்த சதுர நட்டு கீழ விழுந்துக்கிட்டே இருக்குன்னு புலம்பியிருக்கார். அது உலகத்துல இருக்கிற எல்லா பைக்காரனும் பட்ட பாடு. டெர்மினல் ஓட்டைக்கு நேரா நட்டு நிக்காது, போல்ட்டை வெச்சு அமுக்கினா நட்டு கீழ இறங்கி, அப்படியே சாஞ்சு, இன்ஜினுக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல எங்கயோ போயிடும், டேங்குக்கு அடியில அதைத் தேடுறது நடக்கிற காரியமா. நட்டுக்கு அடியில பழைய பெட்ரோல் டியூப்ல ஒரு சின்ன துண்டு வெட்டி சொருகுங்க, ஸ்பான்ஞ் இருந்தாலும் சரி. நட்டு மேல ஏறி ஓட்டைக்கு நேரா நிக்கும். ப்ளஸ் முதல்ல மாட்டுங்க, மைனஸ் கடைசி, கழட்டும்போது மைனஸ் முதல்ல, அப்பதான் ஸ்பேனர் ஃபிரேம்ல பட்டாலும் பொறி பறக்காது. போல்ட்டை கையால ரெண்டு மரை ஏத்திட்டு அப்புறம் ஸ்க்ரூ டிரைவர் போடுங்க, இறுக்கமா வந்ததும் நிறுத்திடுங்க, டெர்மினல் ஈயம், முறுக்கினா பிளந்துடும்.